இடப்பக்கம் சாய்ந்த பாட்டு

வாரத்துக்கு இரண்டு பேராவது என் கைப்பேசிக்கு ஸ்பீக்கர் படம் அனுப்புகிறார்கள். "அக்கா, பழசுதான், ஜோடியா வருது. வாங்கலாமா?" என்று கேள்வி. எல்லாம் புத்தக அலமாரியில் அடங்குகிற சின்னப் பெட்டிகள். தேக்கு நிறம், கறுப்புத் துணி போட்ட முகம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். கள்ளக்குறிச்சியில் பழைய ஆடியோ செட் விற்கும் கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். படத்தைப் பார்த்து எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது என்று எழுதினால் ஒருவரும் நம்புவதில்லை.

கையடக்க ஸ்பீக்கர் ஒன்றே போதும் என்று கொஞ்ச காலம் எல்லோரும் இருந்தார்கள். இப்போது மறுபடியும் இரண்டு பெட்டி வைத்து உட்கார்ந்து கேட்கிற ஆசை வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம் நான் வேலை பார்த்த கடைக்கு ஒரு வேலையாகப் போனபோது, அங்கே இப்போது வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க பொறுக்கிக் குடுத்ததுலயே நல்ல ஜோடி எது அக்கா?" என்று கேட்டார்கள். யோசிக்காமல் பதில் வந்தது. வெள்ளிமலை பஸ் டிரைவர் அண்ணாமலைக்குக் கொடுத்த ஜோடி. சரியில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்த ஜோடி அது. அந்தக் கதையை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் கருணாபுரத்தில் பிறந்தவள். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். பத்தாவது முடித்ததும் மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருள் சுற்றுகிற பட்டறையில் சேர்ந்தேன். மெல்லிய செம்புக் கம்பியை அறுக்காமல் சுற்ற என் விரல்கள் பழகியது அங்கேதான். அந்த விரல்களுக்காகத்தான் இஸ்மாயில் பாய் என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். புதுச்சேரியில் வீடு காலி செய்கிறவர்கள், வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பியவர்கள் ஆகியோரிடமிருந்து பழைய செட்டுகளை வாங்கிவந்து, சரிசெய்து விற்பது அவர் தொழில். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் எரிந்துபோனால் புதிதாகச் சுற்றிப் போட ஆள் தேவைப்பட்டது. எனக்குக் கடையின் பின்பக்கம் ஒரு மேசை, நடுவில் ஒரு திரை. வருகிற ஆட்களை நான் பார்க்க முடியாது. பாட்டு மட்டும் திரையைத் தாண்டி வரும்.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒருநாள் நைனார்பாளையத்திலிருந்து மரவள்ளி போடுகிற விவசாயி ஒருவர் வந்திருந்தார். பாய் அவருக்கு ஒரு ஜோடியைப் போட்டுக் காட்டினார். அவருக்கும் பிடித்துவிட்டது. கட்டச் சொல்லிவிட்டார். பின்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"பாய், ஒரு பொட்டி இழுக்குது, ஒரு பொட்டி தள்ளுது. கொரல் நடுவுல நிக்கவே இல்ல" என்று திரைக்குள்ளிருந்து கத்திவிட்டேன்.

பாய் ஒரு டார்ச் லைட் செல்லை எடுத்து, அதிலிருந்து இரண்டு கம்பிகளை ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் தொட்டுப் பார்த்தார். ஒரு பெட்டியில், அதிர்ந்து சத்தம் கொடுக்கிற காகிதக் கோன் வெளியே துள்ளியது. மற்றதில் உள்ளே போனது. யாரோ பிரித்துப் போட்டபோது உள்ளே கம்பியை மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்யும். பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. பாய் கம்பியை மாற்றிப் போட்டார். பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றது. அங்கே பெட்டியே கிடையாது, வெறும் சுவர்தான். ஆனால் அங்கேதான் ஆள் நின்று பாடுவதுபோல் இருந்தது.

மறுநாள் நான் கடைக்குப் போனபோது திரை இல்லை. என் ஸ்டூல் முன்பக்கம் போடப்பட்டிருந்தது. அதைப் பற்றி பாய் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பாய் அப்படித்தான். ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை, பேச்சு கம்மி. ஸ்பீக்கர் வேண்டும் என்று வருகிறவருக்கு அவர் முதலில் எதையும் காட்ட மாட்டார். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து அறையை வரையச் சொல்வார். "செவுரு செங்கல்லா, கல்லா? மேல ஓடா, தளமா? நீங்க உக்கார்ற எடம் எங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சில பேருக்குக் கோபம் வரும். "ஸ்பீக்கர் வாங்க வந்தா வூட்ட பத்தி கேக்கறியே பாய்" என்பார்கள். "பாட்டு வூட்லதானங்க கேக்கப் போறீங்க" என்பார் அவர். போட்டுக் காட்டும்போது பெட்டிகளின்மேல் வெள்ளைத் துணி உறை மாட்டிவிடுவார். கம்பெனிப் பெயர் தெரியக் கூடாது. "பேர பாத்துட்டீங்கன்னா அப்புறம் பாட்ட கேக்க மாட்டீங்க."

பழைய ஜோடியைச் சோதிக்கிற முறையையும் அவர்தான் எனக்குப் பழக்கினார். முதலில் மூக்கு. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் துளையில் மூக்கை வைத்தால், காயில் எரிந்திருந்தால் அந்த வாடை வருஷக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பிறகு விரல். கோனின் நடுவில் மூன்று விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். மணல் உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் காயில் உராய்கிறது என்று அர்த்தம். பிறகு காயிலின் மின்தடையை அளக்கிற மீட்டர். இரண்டு பெட்டியும் ஒரே அளவு காட்ட வேண்டும். பிறகு, கீச்சுக் குரல்களைக் கொடுக்கிற குட்டி ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. கடை இரைச்சலில் அது செத்திருந்தாலும் தெரியாது. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அதன்மேலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பேன். கடைசியில்தான் பாட்டு. அதற்கும் முன்னால் பேச்சு. ஒரு ஆள் சாதாரணமாகப் பேசுவது பெட்டியில் சாதாரணமாகக் கேட்டால்தான் பாட்டுக்கே போவோம்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு முறை ஏமாந்தேன். ஜோடி அவ்வளவு அழகு. மரத்தில் ஒரு கீறல் இல்லை. சத்தமும் தேன். எடுத்துப்போனவர் எட்டாம் நாள் திரும்பி வந்தார். கோனைச் சுற்றியிருக்கும் பஞ்சு வளையம் அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்திருந்தது. பாய் என்னைத் திட்டவில்லை. "கையால தொட்டு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் தொடவில்லை. அழகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து கண்ணால் பார்த்து எந்த ஜோடியையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை.

அண்ணாமலை கடைக்கு வந்தபோது எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். காக்கிச் சட்டையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் பஸ் ஓட்டுகிறவர், வீடும் வெள்ளிமலையில்.

"நல்லா சத்தமா கேக்கற மாதிரி வேணுங்களா?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் வேண்டும்.

"சத்தம் வேணாம்மா" என்றார். "காலைலேர்ந்து சத்தத்துக்கு மேலதான் உக்காந்துகினு இருக்கேன். எஞ்சினு, ஹாரனு, ஜனங்க பேச்சு. வூட்டுக்குப் போனா மெதுவா ஒரு பாட்டு கேக்கணும். மெதுவா வெச்சாலும் முழுசா கேக்கணும். அதுமாரி இருக்கா?"

எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. சத்தமாக வைத்தால் எந்தப் பெட்டியும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். மெதுவாக வைத்தால் பாதிப் பெட்டிகளில் தாளமும் போய்விடும், குரலும் போய்விடும். மெதுவாகப் பாடுகிற ஜோடியைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம்.

வழக்கம்போல் வீட்டை வரையச் சொன்னேன். சின்ன அறை, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கதவு, மகளின் புத்தகங்கள் இருக்கிற மர அலமாரி. மூன்று ஜோடிகளுக்கு உறை மாட்டி வைத்தேன். ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் கேட்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

முதல் ஜோடி மூன்றிலும் பெரியது. சத்தத்தைக் குறைத்ததும் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இரண்டாவது பளிச்சென்று இருந்தது. முகம் மலர்ந்தது. ஆனால் கால் மணி நேரத்தில் காதைத் தேய்க்க ஆரம்பித்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா பல்லு கூசற மாதிரி இருக்கும்மா" என்றார். மூன்றாவது ஜோடி இருப்பதிலேயே சின்னது. கோன் என் உள்ளங்கை அகலம்தான். உறைக்குள்ளே ஒரு பெட்டியின் மூலையில் மரம் பெயர்ந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை.

"இதுல பாடற அந்தம்மா மூச்சு வாங்கறது கேக்குதும்மா" என்றார் மெல்ல. "ரெண்டாவது அடிக்கு முன்னாடி மூச்சு இழுத்துக்கறாங்க. இத்தினி வருசமா இந்தப் பாட்ட கேக்கறேன். இன்னிக்குத்தான் கேட்டேன்."

உறையைக் கழற்றி, பெயர்ந்த மூலையைக் காட்டினேன். "அதுக்கு இன்னா, அது பாடப் போவுதா?" என்றார். பழைய கம்பளியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும், இரண்டு பெட்டியும் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்க வேண்டும், பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ நாற்காலிக்கும் அவ்வளவு தூரம் வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஜீப் டிரைவர் அந்த ஜோடியைக் கடையில் இறக்கினார். உள்ளே அண்ணாமலை எழுதிய துண்டுத் தாள். பாட்டு இடது பக்கம் சாய்கிறது, பார்த்துக் கொடுக்கவும்.

மூக்கிலிருந்து பாட்டுவரை எல்லாச் சோதனையும் செய்தேன். ஒரு குறையும் இல்லை. குரல் நட்டநடுவில் நின்றது. பாயும் கேட்டார். அவருக்கும் நடுவில்தான். சரியாக இருக்கிறது என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். பதினைந்து நாளில் அதே ஜீப்பில் அதே ஜோடி மறுபடியும் வந்தது. இந்த முறை தாளில் கோபம் இருந்தது. பழசை மினுக்கிக் காட்டி ஏமாற்றிவிட்டீர்கள், மலைக்காரன்தானே என்று நினைத்தீர்களா என்று எழுதியிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. வெள்ளிமலையில் எங்களிடம் ஒரு செட்டுக்குச் சொல்லி வைத்திருந்த ஆசிரியர் ஒருவர் வேண்டாம் என்று போன் செய்தார். பஸ் ஓட்டுகிற ஆள் ஒரு பேச்சுப் பேசினால் அது மலைக்கு மேலும் கீழும் போய்விடும். பாய் முகத்தில் அன்றுதான் வாட்டத்தைப் பார்த்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல செட் கொடுத்தவர் என்று டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் வாழ்ந்தார்.

"வாங்கி வெச்சிக்கலாம். வேற கொடுத்துடலாம். விட்ரும்மா" என்றார்.

"வேற எத குடுத்தாலும் இதேதான் சொல்லுவாரு பாய்."

"அப்ப அந்தாளு பொய் சொல்றாருன்றியா?"

"அந்தம்மா மூச்சு வாங்கறத கேட்ட ஆளு பாய் அவரு. பொய் சொல்ல மாட்டாரு. நான் பொட்டிய எடுத்துகினு மேல போயி, அவரு உக்கார்ற எடத்துல உக்காந்து கேட்டுட்டு வந்துடறேன்."

பாய் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஜாஸ்தி பேசாத. கேட்டுட்டு மட்டும் வா" என்றார்.

அண்ணாமலைக்கு வார ஓய்வு இருக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறினேன். ஒரு பெட்டி மடியில், ஒரு பெட்டி காலடியில். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று ஒரு நொடி காது கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். அன்று நான் அதைக் கவனித்ததற்கு ஒரு காரணமும் இல்லை. மடியில் பெட்டி ஆடிவிடுமோ என்ற கவலையில் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணாமலை வாசலில் நின்றார். வா என்று சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவி பூங்கொடிதான் தண்ணீர் கொடுத்தார். அறையைப் பார்த்தேன். அலமாரியில் நான் எழுதிக் கொடுத்த தாளை ஒட்டி வைத்திருந்தார்கள். நாலு விரல் இடைவெளி, உயரம், நாற்காலி எல்லாம் அப்படியே இருந்தன. பெட்டிகளை வைத்து, பேச்சை ஓடவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குக் குரல் நடுவில் நின்றது.

"இப்ப நீங்க உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். உடனே சொன்னார், "பாரு, ஜன்னல் பக்கம் சாயுது." ஜன்னல் அவருக்கு இடது.

வலது பெட்டியை இடதிலும் இடதை வலதிலும் மாற்றி வைத்தேன். பெட்டியில் குறை என்றால் சாய்வும் மாற வேண்டும். "ஜன்னல் பக்கந்தான்" என்றார். ஆம்ப்ளிஃபையரில் கம்பிகளை மாற்றினேன். "ஜன்னல் பக்கம்." அப்படியென்றால் அறைதான் என்று ஜன்னலைச் சாத்திக் கம்பளியைத் தொங்கவிட்டேன். "ஜன்னல் பக்கம்." அவர் குரல் ஒவ்வொரு முறையும் ஏறியது. பூங்கொடி அக்காவை உட்காரச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கி, "எனக்கு நடுவாலதான் கேக்குதுங்க" என்றார்.

அண்ணாமலை எழுந்துவிட்டார். "அப்ப எல்லாரும் சேந்து என்ன பைத்தியக்காரன்றீங்களா? தெரியாம நான் பேசறேனா?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பெட்டியை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், அறையை மாற்றினேன். மாற்றாதது ஒன்றுதான் பாக்கி. இருபது வருஷத்தில் அதை நான் யாருக்கும் செய்து பார்த்ததில்லை.

"அண்ணா, ஒரே ஒரு தபா. நாற்காலிய திருப்பிப் போட்டு உக்காருங்க. பொட்டிக்கு முதுக காட்டி."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவர் முகம் மெல்ல மாறியது.

"இப்ப கதவு பக்கம் சாயுது" என்றார். இப்போது கதவு அவருக்கு இடது.

பெட்டிகள் அசையவில்லை. அவர் திரும்பியதும் சாய்வும் அவரோடு திரும்பிவிட்டது.

"இடது காத கையால இறுக்க மூடுங்கண்ணா."

மூடினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எரிச்சலாக, "ஏன் கம்மி பண்ணிட்ட?" என்றார்.

நான் அறையின் மறு கோடியில் நின்றிருந்தேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "நான் கையே வெக்கலண்ணா. பாட்டு அப்படியேதான் ஓடிகினு இருக்குது."

அவர் பூங்கொடியைப் பார்த்தார். பூங்கொடி தலையை ஆட்டினார். அண்ணாமலை காதிலிருந்து கையை எடுத்தார், மூடினார், மறுபடி எடுத்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

பூங்கொடி அக்கா வாய் திறந்தார். "போன வாரம் வளைவுல ஜீப்புக்காரன் ஹாரனே அடிக்காம வந்துட்டான்னு சண்ட போட்டியே. அந்த பஸ்ல நானும் இருந்தேன். அவன் ரெண்டு தபா அடிச்சான். நீ ஏதோ யோசனையில இருக்கறன்னு நெனச்சேன்."

டிரைவருக்கு ஜன்னல் வலப்பக்கம். வளைவில் எதிரே வருகிற ஹாரனைப் பிடிக்க வேண்டியது வலது காது; அவருக்கு மங்கிப்போயிருந்தது அதுதான்.

அண்ணாமலை என்னிடம் கை கூப்பினார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வெளிய சொல்லாதம்மா. தெரிஞ்சா ஸ்டீயரிங்லேர்ந்து எறக்கி வுட்ருவாங்க. எனக்கு வேற வேலை தெரியாது. பொட்டி நல்லாருக்குதுன்னு நான் ஊருக்கே சொல்லிடறேன்."

எங்கள் கடையின் பெயர் அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்கும். நான் தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். ஜாஸ்தி பேசாதே என்று பாய் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டண்ணா" என்றேன். "ஆனா நாளைக்கு நீங்க ஓட்டற பஸ்ல என்ன ஏறச் சொன்னா, ஏற மாட்டேன். எம் புள்ளைங்களையும் ஏத்த மாட்டேன்."

பூங்கொடி அக்கா சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். இறங்கும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. ஒரு ஆளின் பிழைப்பில் கை வைத்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் அண்ணாமலை வந்து நின்றார். காக்கி இல்லை, வேட்டி சட்டை. "டெப்போல நானே போய் சொல்லிட்டேன்" என்றார் பாயிடம். "காது சரியில்ல, வண்டி எடுக்க மாட்டேன்னு. எந்த டாக்டராண்ட போவறதுன்னு தெரியல. அதான் வந்தேன்."

பாயிடம் மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை; முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். பாய் எழுந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தைத் தவிர அந்தக் கடையைப் பகலில் சாத்தியதே இல்லை. அன்று அவரே ஷட்டரை இறக்கினார். "உங்கள நான் சந்தேகப்பட்டுட்டேங்க" என்றார் அண்ணாமலையிடம். "வாங்க, நானும் வர்றேன்." இரண்டு பேரும் சேலம் பஸ் ஏறினார்கள்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே அந்தக் காதில் எப்போதாவது சீழ் வரும், அண்ணாமலை அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உள்ளே சதைபோல ஒன்று வளர்ந்து, காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளை அரிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூளைவரை போயிருக்கும் என்று சொன்னாராம். "வலியே இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு பாய்தான் பதில் சொல்லியிருக்கிறார். "எங்க கடையில ஒரு அம்மா ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணுச்சுங்க. ஸ்பீக்கர் பாசாயிடுச்சு."

இதை பாய் என்னிடம் சொல்லவில்லை. அண்ணாமலை சொன்னார்.

இரண்டு ஆபரேஷன் நடந்தது. முதலில் அந்தச் சதையை எடுத்தார்கள், பல மாதம் கழித்து எலும்பைச் சரிசெய்தார்கள். அதுவரை டெப்போவில் அவருக்கு ஆபீஸ் வேலை கொடுத்தார்கள். தானாக வந்து சொன்னவன் என்று அங்கே அவருக்கு மரியாதைதான் கூடியது. ஒருநாள் செவிச் சோதனையில் தேறி, மறுபடியும் வெள்ளிமலைப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. பாய் கடையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சொல்லி வைத்துவிட்டு வேண்டாம் என்ற ஆசிரியர் தானே வந்து ஒரு ஜோடி எடுத்துப் போனார். அதற்குப் பிறகு மலையிலிருந்து வந்தவர்களெல்லாம் "அந்தம்மா கேட்டுச் சொல்லட்டும்" என்று என்னைத்தான் தேடினார்கள். பாய் வருத்தப்படாமல் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒருநாள் கடைக்கு போன் வந்தது. எடுத்துக் கேட்ட பாய் என்னிடம் நீட்டினார். "ஒன் ஆளு. திரும்பவும் புகாராம்."

"கோச்சிக்காதம்மா" என்றார் அண்ணாமலை. "பொட்டில ஒரு சின்னக் குறை இருக்குது. நாதஸ்வரம் கீழ எறங்கும்போது இர்ருனு ஒரு சத்தம். நீ வந்து பாரு."

இந்த முறை அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே போனேன். இடம் பிடித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச்சைப் போட்டுக் கேட்டேன், தெரியவில்லை. மறுபடி நாதஸ்வரம்.

"இதோ" என்றார். "இப்ப."

"எனக்குக் கேக்கலண்ணா."

"வலது பக்கத்துப் பொட்டி. கீழ மூலையில." கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார்.

வலது பெட்டியின் பின்னால் கையை விட்டு, கம்பி மாட்டுகிற தகட்டில் விரலை வைத்தேன். விரல் நுனியில் மெல்லிய அதிர்வு. அழுத்திப் பிடித்தேன்.

"நின்னுடுச்சு" என்றார் நாற்காலியிலிருந்து.

ஜீப்பிலும் பஸ்ஸிலும் மேலும் கீழும் போய்வந்ததில் தகட்டின் கீழ் மூலை ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கால் சுற்றுத் திருகினேன். பாட்டை மறுபடி போட்டோம். நாதஸ்வரம் சுத்தமாகக் கீழே இறங்கியது.

ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போடும்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை நீட்டிக் காட்ட ஒரு காது போதாது. இரண்டும் வேண்டும். அங்கேயே தரையில் உட்கார்ந்து கடைக்குப் போன் போட்டேன்.

"பாய், அவரு சொன்னது சரிதான். ஸ்க்ரூ லூசு. எனக்கே கேக்கல, அவருக்குக் கேட்டுச்சு. வலது பொட்டி."

"வலதுன்னு நீ சொன்னியா, அவரே சொன்னாரா?"

"அவரேதான் பாய். கண்ண மூடிகினு கைய நீட்டிக் காட்டினாரு."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. போனில் அப்படிச் சிரித்தார். அறையின் மறு பக்கம், வலது காது என் பக்கமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாமலை பாட்டைக் கேட்டுக்கொண்டே தலையைத் திருப்பினார்.

"யாரு, பாயா சிரிக்கிறாரு?" என்றார்.